வண்டு வாயைப் பொத்திக்கொண்ட பக்கம்

1

இந்தக் கதை ஒரு சீப்பில் தொடங்கியது. திடீர் உத்வேகம், ஜன்னலோரம் மழை, அந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. படப் புத்தகம் எழுதுகிற ஒருத்தி, எட்டு வயது மகளுக்குத் தலை வாரிக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னாள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது சொற்கள். அந்த ஒன்பதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாமல்தான் இத்தனை பக்கம் எழுதவேண்டியிருக்கிறது.

அவளைக் கதைக்காரி என்று கூப்பிடப் போகிறேன். கணவருக்குக் கோபம் வந்தால் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். கதைக்காரி யார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன், கை கூசியது. அதுகூடப் பரவாயில்லை. ‘நான்’ என்று ஆரம்பித்தால் நாலாவது வரியிலேயே “நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்” வந்து நின்றுவிடுகிறது. ‘அவள்’ என்றால் கொஞ்சம் தாராளமாகத் திட்டலாம்.

2

இதற்கு முன் எழுதிய தொடக்கங்கள் கீழே. அழிக்காமல் விட்டிருக்கிறேன். எப்படியெல்லாம் நழுவப் பார்த்தாள் என்று நீங்களும் பாருங்கள்.

“ஒரு காட்டில் ஒரு முள்ளெலி இருந்தது. அதற்கு”

இல்லை. முள்ளெலிக்குள் சுருண்டுகொள்வது இவளுக்குச் சுலபம். பிழைப்பே அதுதான்.

“குழந்தைகளின் உலகம் கள்ளங்கபடமற்றது. அதற்குள் நுழையும் நாம்தான்”

பேட்டியில் பேசுகிற குரல். இந்தக் குரலில் ஆரம்பித்தால் கடைசியில் யாராவது கை தட்டிவிடுவார்கள்.

“அவள் நல்ல தாய்தான். ஆனாலும்”

இந்த ‘ஆனாலும்’ இருக்கிறதே, அதற்கு அடியில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். அடித்துவிட்டேன்.

சரி, நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

3

மகளுக்கு வண்டு என்று பெயர் வைத்தது அவள் அப்பா. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். இரண்டு வயதில் வண்டு ஒரு பொம்மைப் புத்தகத்தைப் பார்த்து “ம்ம்ம்ம்” என்று ஆரம்பித்தபோது, கதைக்காரி பயந்துபோய் அவரைக் கூப்பிட்டாள். அவர் காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“இதுல கோளாறு ஒண்ணும் இல்ல. நல்லா ஓடுது,” என்றார்.

அதைப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரே சுருதியில், உடம்பு முன்னும் பின்னும் ஆட, மூச்சு தீரும்வரை போகும். படிக்கிற பக்கம் பிடித்திருந்தால் வரும், பிடிக்காவிட்டால் வராது. வருவது அவளுக்கே தெரியாது.

(புத்தகத்தில் கதைக்காரி இதை ‘தேனில் குழைத்த ரீங்காரம்’ என்று எழுதியிருக்கிறாள். மிக்ஸி என்று எழுதத் துணிச்சல் வரவில்லை.)

இப்போது கதைக்காரி வேலை செய்கிற விதத்தைச் சொல்லவேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படப் புத்தகம் என்றால் பெரும்பாலும் முப்பத்திரண்டு பக்கம். எட்டுத் தாளை நடுவில் மடித்து, இரண்டு பின் அடித்தால் மாதிரிப் புத்தகம் தயார். அதில் பென்சிலால் கதையை எழுதி, மூலையில் குச்சி மனிதர்களைப் போட்டு, வண்டுவிடம் கொடுப்பாள். “சும்மா படிச்சுப் பாரு கண்ணு” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயை மூடுவாள். ஃபேனையும் நிறுத்துவாள். பிறகு சுவரோரம் நின்று கேட்பாள். தாள் புரளும் சத்தத்தை வைத்து எத்தனையாவது பக்கம் என்று கணக்கு. ‘ம்ம்ம்’ வந்த பக்கத்துக்கு அவள் வைத்திருக்கும் பிரதியில் ஒரு டிக். வராத பக்கத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டிவிடுவாள்.

ஐந்து புத்தகங்கள் இப்படித்தான் வந்தன. “குழந்தை மனசை இவ்வளவு துல்லியமா எப்படிப் பிடிக்கிறீங்க மேடம்?” என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். “நாமே குழந்தையா மாறிடணும்,” என்றாள் கதைக்காரி, வாய் கூசாமல்.

ஆறாவது புத்தகம் ‘முள்ளெலி ம்ம்ம் என்றது’. ‘நீ நீயாக இரு’ என்ற வரிசையில் வந்தது. சந்தோஷம் வந்தால் முள்ளெலி ம்ம்ம் என்னும். காட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். முள்ளெலி வாயை மூடிக்கொள்கிறது. அப்போது ஆமை மெதுவாக வந்து, “உன் சத்தம் இல்லாமல் எனக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை” என்கிறது. முள்ளெலிக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிடுகிறாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பதாம் பக்கங்களில் காடே சேர்ந்து ம்ம்ம் என்கிறது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் எழுத்தே இல்லை.

மாதிரிப் புத்தகத்துக்கு வண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை விடாமல் ம்ம்ம் என்று ஓடினாள். எல்லாப் பக்கத்துக்கும் டிக். படித்து முடித்துச் சமையலறைக்கு வந்து, “பாவம்மா அந்த முள்ளெலி. ஆமை நல்ல ஆமை,” என்றாள். முள்ளெலி தான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கதைக்காரியும் சொல்லவில்லை.

4

சீப்புக்கு வருவோம்.

(வருவதற்கு முன் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னால் கதைக்காரி மீது உங்களுக்கு இரக்கம் வரும். அதற்காகவே அதை வெட்டலாம் என்று இருந்தேன். ஆனால் வெட்டினால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.)

வெளியீட்டு விழாவுக்கு நாலு நாள் முன்னால் அம்மாவும் மகளும் பஸ்ஸில் போனார்கள். வண்டு மடியில் புத்தகம், மிக்ஸி ஓடுகிறது. முன் சீட்டில் இருந்த அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை கேட்டேவிட்டார்.

“பாப்பாவுக்கு ஏதாவது பிரச்சினையாம்மா?”

“அதெல்லாம் இல்லைங்க. சும்மா விளையாடுறா,” என்று சிரித்தாள் கதைக்காரி. சிரித்துக்கொண்டே வண்டுவின் தொடையை அழுத்தினாள். சத்தம் நின்றது.

நினைத்துப் பாருங்கள். அச்சகத்தில் ‘நீ நீயாக இரு’ சூடாக வந்து விழுந்துகொண்டிருந்த அதே நேரம்.

விழா அன்று காலை, கண்ணாடி முன்னால்:

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த சத்தம் வேண்டாம், சரியா கண்ணு?”

“எந்த சத்தம்?”

“அதான், படிக்கும்போது போடுவியே. ம்ம்ம்னு.”

வண்டு கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். “அது சத்தமா?”

“கொஞ்சம் சத்தம்தான். பெரியவங்க எல்லாம் வருவாங்க இல்ல.”

“சந்தோஷமா இருந்தா?”

“சந்தோஷமா இருந்தாலும்.”

“சரிம்மா,” என்றாள் வண்டு. உடனே சொன்னாள். சண்டை போட்டிருந்தால் இந்தக் கதையை எழுதவேண்டி வந்திருக்காது.

5

நூலகத்தின் மாடி ஹால். தரையில் பாய்கள், பாய்களில் நாற்பது பிள்ளைகள், பின்னால் நாற்காலிகளில் பெற்றோர்கள், ஓரமாகப் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர். பதிப்பாசிரியை, அதாவது இந்த வரிசையைக் கொண்டுவருகிற அம்மாள், மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் வண்டு, நீல ஃப்ராக்கில். [திருத்தம்: பச்சை. யார் திருத்தியது என்று பிறகு சொல்கிறேன்.]

கதைக்காரி நன்றாகப் படித்தாள். அதில் குறை சொல்ல முடியாது. கரடிக்கு ஒரு குரல், குருவிக்கு ஒரு குரல், ஆமைக்கு மட்டும் தன் சொந்தக் குரல். இருபத்தெட்டாம் பக்கம் வந்ததும் புத்தகத்தை அகல விரித்துக் காட்டினாள்.

“முள்ளெலிக்கு இப்போ எல்லாரும் சிநேகிதங்க. நாமளும் சேர்ந்து ம்ம்ம் சொல்லலாமா?”

நாற்பது பிள்ளைகளும் ஆரம்பித்தார்கள். ஹாலே அதிர்ந்தது. பெற்றோர்கள் சேர்ந்துகொண்டார்கள், பதிப்பாசிரியை மைக்கில் சேர்ந்துகொண்டார், பத்திரிகைக்காரர்களில் ஒருவர்கூட ம்ம்ம் என்றார்.

வண்டு மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அழுதுகொண்டு இருந்தாள் என்று நினைக்காதீர்கள். அதுதான் கொடுமை. கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. அம்மாவையே பார்த்து, பொத்திய கையோடு தலையை ஆட்டினாள். பாரும்மா, சொன்ன மாதிரியே இருக்கேன் பாரு, என்று. மூச்சை அடக்கியதில் கன்னம் சிவந்திருந்தது. உடம்பு மட்டும் லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி அம்மா சொல்லவில்லையே.

கதைக்காரி அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். இரண்டடி தூரம். பார்த்தாள், புரிந்தது, பிறகு

பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

6

[இந்தப் பகுதியை முதல் இரண்டு படிகளில் எடுத்துவிட்டேன். “கதையின் ஓட்டத்துக்குத் தேவையில்லை” என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன். ஓட்டமாவது ஒன்றாவது. வெட்கம்தான் காரணம். மறுபடி சேர்க்கிறேன்.]

விழா முடிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையனின் அம்மா வண்டுவின் கன்னத்தைத் தட்டினார்.

“உங்க பொண்ணா மேடம்? ரொம்ப சமத்து. ஒரு சத்தம் இல்ல.”

“தேங்க்ஸ்,” என்றாள் கதைக்காரி.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆனது வீடு திரும்பும் பஸ்ஸில்.

வண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அச்சான புத்தகம், வழவழ தாள், முதல் பக்கத்தில் ‘என் செல்ல வண்டுவுக்கு’ என்று அச்சிட்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இந்த முள்ளெலி நானாம்மா?”

“ஆமா கண்ணு.”

“அப்போ ஆமை யாரு?”

“ஆமை... சும்மா ஒரு சிநேகிதி.”

வண்டு முதல் பக்கத்தை மறுபடி தடவினாள். “நீன்னு நெனச்சேன்,” என்றாள். பிறகு புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

7

அன்றிலிருந்து இன்றுவரை இருபத்து மூன்று நாள். வீட்டில் ம்ம்ம் இல்லை.

வண்டு சோர்ந்துபோய்விட்டாள் என்றெல்லாம் இல்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், படிக்கிறாள். பிடித்த பக்கம் வந்தால் உதட்டை மடித்துக் கடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் லிஃப்ட்காரர் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். காதைச் சாய்த்தார்.

“என்ன சொன்னே அவகிட்ட?”

“நான் என்ன சொன்னேன்?”

“கதைக்காரி, கோளாறு எங்கன்னு எனக்குத் தெரியும். என்ன சொன்னேன்னு மட்டும் சொல்லு.”

சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றினார். கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. கத்தியிருந்தால் இவளும் திருப்பிக் கத்தியிருப்பாள், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

கதைக்காரி சும்மா இருக்கவில்லை. வண்டுவுக்கு உயிரான பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்து அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். “அன்னிக்கு அம்மா சொன்னது தப்பு, இனிமே நீ எப்படி வேணா இரு” என்றாள். வண்டு “சரிம்மா” என்றாள், சீப்புக்குச் சொன்ன அதே சரிம்மா. ஒரு சனிக்கிழமை, பாத்திரம் துலக்கிக்கொண்டே கதைக்காரி தானே உரக்க “ம்ம்ம்ம்” என்று ஆரம்பித்துப் பார்த்தாள். வண்டு ஓடிவந்தாள்.

“அம்மா, சத்தம்,” என்றாள் வண்டு, மிகவும் மரியாதையாக.

8

இந்த இடத்தில் எனக்குக் கதைக்காரி மேல் ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கு முன்பே வந்திருக்கும்.

பத்தாம் நாள் பதிப்பாசிரியை போன் செய்தார். “முள்ளெலிக்கு நல்ல வரவேற்பு மேடம். அடுத்தது எப்போ?” ஏழாவது கதை எழுதித் தயாராகத்தான் இருந்தது. எட்டுத் தாளை மடித்துப் பின்னும் அடித்தாகிவிட்டது. ஆனால் எந்தப் பக்கத்தை வைப்பது, எந்தப் பக்கத்தை வெட்டுவது என்று சொல்ல ஆள் இல்லை. கதைக்காரி மாதிரிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டுவின் அறை வாசல்வரை போனாள்.

அங்கே நின்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டாள். ம்ம்ம் திரும்ப வரவேண்டும் என்று இப்படித் துடிக்கிறேனே, அது இவளுக்காகவா, டிக்குக்காகவா?

பதில் எழுதிப் பார்த்தேன். “இவளுக்காகத்தான். நிச்சயமாக இவளுக்காக”

நிச்சயமாக என்ற சொல்லைப் போட்டதுமே பொய் என்று தெரிந்துவிட்டது. முக்கால்வாசி இவளுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கால்வாசியை நினைத்தால்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கதைக்காரி வாசலிலிருந்து திரும்பிவந்து, மாதிரிப் புத்தகத்தைப் பின்னைப் பிடுங்கிப் பிரித்துப் போட்டாள்.

9

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: கதைக்காரி ஹாலில் பக்கத்தைத் திருப்பவில்லை. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, வண்டுவின் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மைக்கில் சொல்கிறாள்: “முள்ளெலி இவள்தான். காலையில் இவளைச் சத்தம் போடாதே என்று சொன்னது நான்.” ஹால் அமைதியாகிறது. வண்டு ஆரம்பிக்கிறாள். (நடக்கவில்லை. அதற்கான நேரம் ஒரு பக்கம் புரளும் நேரம்தான். அதைத்தான் அவள் திருப்பிவிட்டாளே.)

இரண்டாவது முடிவு: மழை பெய்கிறது, அம்மாவும் மகளும் ஒரே போர்வைக்குள்ளே, பழைய புத்தகம் ஒன்று, எங்கிருந்தோ மெல்லிய ம்ம்ம். (இந்த மாதிரி முடிவுதான் இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். தேனில் குழைத்தது.)

மூன்றாவது முடிவு: வண்டு வளர்ந்து பெரியவளாகி, ஒரு நாள், தன் மகளுக்குத் தலை வாரும்போது

வேண்டாம். இதை எழுதக் கை வரவில்லை.

10

இந்தக் கதை உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் இன்னொருவர் கைக்குப் போயிற்று. ஆறு புத்தகம் எழுதியும் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வியை, இதை மற்றவர்கள் படிக்கலாமா என்று, கேட்கவேண்டியிருந்தது. எட்டுத் தாளுக்குள் அடக்கி, மடித்து, பின் அடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டுவிடம் கொடுத்தேன். இந்தத் தடவை சமையலறைக்குப் போகவில்லை. எதிரே உட்கார்ந்தேன்.

விரல் வைத்துப் படித்தாள். ஒரு மணி நேரம் ஆனது. இடையில் இரண்டு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குக் குனிந்துகொள்ளத்தான் தோன்றியது.

“ஃப்ராக் நீலம் இல்லம்மா. பச்சை.”

“மாத்திடறேன்.”

“மிக்ஸி மாதிரியா இருக்கும்?”

“ஆமா கண்ணு.”

“நம்ம வீட்டு மிக்ஸியா, பக்கத்து வீட்டு மிக்ஸியா?”

“பக்கத்து வீட்டுது.”

“அது நல்ல மிக்ஸி,” என்று ஏற்றுக்கொண்டாள். பிறகு மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போனாள். குழாயை மூடிவிட்டு நான் சுவரோரம் நின்று கேட்ட இடம். அதை இரண்டு தடவை படித்தாள்.

“ஒளிஞ்சு கேட்டியா?”

“கேட்டேன்.”

“டிக் போட்டியா?”

“போட்டேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல.”

“இல்ல. தப்புதான், வண்டு.”

அவள் என்னைத் திட்டவில்லை. தாள்களை அடுக்கி, முழங்காலில் தட்டிச் சரிசெய்தாள். கதையை மற்றவர்கள் படிக்கலாம் என்றாள். ஆனால் முடிவு எதுவும் போடக் கூடாது என்றாள்.

“ஏன் கண்ணு?”

“திரும்ப வந்துச்சுன்னா நீ எழுதிடுவே. வந்தாலும் எழுதக் கூடாது. வரலைன்னாலும் எழுதக் கூடாது. ஒளிஞ்சு கேக்கவே கூடாது. அது எனக்கு.”

சத்தியம் செய்து கொடுத்தேன். அதனால் மூன்று முடிவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம். நாலாவதாக ஒன்று உங்களுக்குத் தோன்றினால் என்னிடம் சொல்லாதீர்கள்.

வண்டு இப்போது உள் அறையில் படித்துக்கொண்டிருக்கிறாள். தாள் புரளும் சத்தம் கேட்கிறது. நான் எழுந்து சமையலறைக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறேன்.